கடலைச் சட்டி மணல் சத்தமும் நாலு ஸ்பீக்கரும்: வி.எம்.95 எம்.எல். மூன்று வருட அனுபவம்

மூன்று வாரமாக என் கார்ட்ரிட்ஜை, அதாவது ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டியை, திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு அதன் மேல் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது.

இதை இப்போது எழுத இன்னொரு காரணம் உசிலம்பட்டியில் இருக்கும் ஒரு தம்பி. அவருடைய மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன பெட்டியில் பதினோரு குவாட் தட்டுகள் இருந்தன என்று தம்பி போன் பண்ணினார். “அண்ணே, நாலு ஸ்பீக்கர்ல கேக்குற தட்டாம்ல. கையைக் கடிக்காத ஊசியா ஒண்ணு சொல்லுங்கண்ணே” என்றார். அவர் கேட்ட நேரத்தில் நான் கோபத்தில் இருந்தேன். “ஊசியெல்லாம் வாங்காதீங்க தம்பி, தட்டை வித்துருங்க” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நான் வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா வி.எம்.95 எம்.எல். கூடவே பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நாலு சேனல் டீமாடுலேட்டர், தட்டில் இருந்து வரும் ஒலியை நாலாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அது 100 வோல்ட்டில் ஓடும் ஜப்பான் பெட்டி. அதற்காகவே காயில் கட்டும் கடையில் சொல்லி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் செய்து வாங்கினேன். பழைய வீட்டுப் பட்டாசாலையில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு ஸ்பீக்கர். மூன்று வருடமாக இந்த ஏற்பாடு ஓடுகிறது.

போன மாதம் டர்ன்டேபிளில் இடது பக்கம் விட்டு விட்டு வந்ததால் பழுது பார்க்கக் கொடுத்தேன். நாலு நாளில் திரும்பி வந்தது. ஸ்டீரியோ தட்டு போட்டேன், நன்றாக இருந்தது. குவாட் தட்டில் ஒரு வகையான சி.டி.-4 தட்டைப் போட்டேன். டீமாடுலேட்டரில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. பின் ஸ்பீக்கர்களில் பாட்டோடு சேர்ந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கடலை வண்டிக்காரர் சட்டியில் மணலைக் கிளறுவாரே, அதே சத்தம். வயலின் ஏற ஏற மணலும் ஏறியது. குரலில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் மணல்.

இந்தச் சத்தம் எனக்குப் புதிது இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு சி.டி.-4 தட்டிலும் கடைசிப் பாட்டின் கடைசி நிமிடத்தில் இது எட்டிப்பார்க்கும். அதைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது முதல் பாட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசி தேய்ந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். ஆனால் எம்.எல். முனைக்கு ஆடியோ டெக்னிகா சொல்லும் ஆயுள் 1,000 மணி நேரம். நான் எழுதி வைத்திருக்கும் கணக்கில் 700-ஐத் தாண்டவில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஏன் இந்தத் தட்டுக்கு மட்டும் இந்தப் பாடு என்று தம்பிக்காகச் சொல்லிவிடுகிறேன். குவாட் தட்டு எல்லாம் ஒரே சாதி இல்லை. கொலம்பியாவின் எஸ்.க்யூ., சான்சுயியின் க்யூ.எஸ். இரண்டும் மேட்ரிக்ஸ் முறை. நாலு சேனலையும் இரண்டாக மடித்துப் பள்ளத்தில் வெட்டியிருப்பார்கள், டீகோடர் அதைப் பிரித்துக் கொடுக்கும். பள்ளத்தில் இருப்பது சாதாரண ஸ்டீரியோ ஒலி அளவுதான். நல்ல ஸ்டீரியோ ஊசி எதுவும் போதும். இரண்டு சேனலும் சம அளவில் வர வேண்டும், ஊசி முன்னிருந்து பார்த்தால் சாயாமல் நேராக நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

சி.டி.-4 வேறு ஆள். ஜப்பானின் ஜே.வி.சி. உருவாக்கியது. ஆர்.சி.ஏ. இதை ‘குவாட்ராடிஸ்க்’ என்ற பெயரில் 1972-இல் கொண்டுவந்தது. இதில் முன்னும் பின்னும் கூட்டிய ஒலி வழக்கம்போல் பள்ளத்தில் இருக்கும். முன்னிலிருந்து பின்னைக் கழித்த ஒலி, காதுக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த அலை 45,000 வரை விரியும். டீமாடுலேட்டர் இரண்டையும் கூட்டிக் கழித்து நாலாக்குகிறது. அந்த மேல் அலை சரியாக வந்து சேராவிட்டால் கழித்தல் கணக்கு தப்பிப்போகும். அந்தத் தப்புதான் மணலாகக் கேட்கிறது.

அந்த அலை எவ்வளவு நுணுக்கமானது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் தட்டின் வெளி ஓரத்தில் ஓர் அலையின் நீளம் சுமார் 17 மைக்ரான். லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது வெறும் 7 மைக்ரான். தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண உருண்டை முனையின் ஆரமே 15 மைக்ரான். அது அந்த நெளிவுக்குள் போகவே போகாது, மேலாகத் தேய்த்துக்கொண்டு ஓடும். கடைசிப் பாட்டில் மணல் ஏன் வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இந்தத் தொல்லைக்காகவே ஜே.வி.சி.யில் நோரியோ ஷிபாடா புது வடிவத்தில் ஒரு முனையைச் செதுக்கினார். பள்ளத்தின் சுவரில் மேலும் கீழும் நீளமாகப் படியும், குறுக்கே கத்தி மாதிரி மெல்லிசாக இருக்கும். இன்று விலை கூடிய ஊசிகளில் ‘ஷிபாடா’ என்று பெருமையாகப் போடுகிறார்கள். அந்தப் பெயர் குவாட் தட்டு பெற்ற பிள்ளை.

அப்படியானால் நான் ஏன் ஷிபாடா வாங்காமல் எம்.எல். வாங்கினேன்? வி.எம்.95 வரிசையில் உடம்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஊசி மட்டும் மாறும். ஷிபாடா உள்ள எஸ்.எச். முனையின் பக்கவாட்டு ஆரம் 0.26 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிட்டத்தட்ட 6.6 மைக்ரான். எம்.எல். முனையில் அது 0.12 மில், 3 மைக்ரான். 7 மைக்ரான் அலைக்குள் நுழைய எது வசதி என்பது பார்த்தாலே தெரிகிறது. விலையும் எஸ்.எச்.-ஐ விடக் குறைவு. குவாட் என்றாலே ஷிபாடாதான் என்று பலரும் சொன்னார்கள். நான் அளவை நம்பினேன், இன்றும் அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். இந்த உடம்பின் கம்பிச்சுருளுக்கு இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம், 550 மில்லிஹென்றி. ஸ்டீரியோவுக்கு அது ஒரு குறையே இல்லை. ஆனால் அந்தச் சுருளும் ஒயரின் கெபாசிட்டன்ஸும் (மின்சாரத்தைத் தேக்கும் குணம், பைக்கோஃபாரட்டில் அளப்பது) சேர்ந்து ஒரு வடிகட்டி ஆகிவிடும். ஒயரில் பைக்கோஃபாரட் கூடக் கூட மேல் அலை உள்ளேயே நின்றுவிடும். பெட்டியிலேயே 25,000 ஹெர்ட்ஸ் வரை என்றுதான் போட்டிருக்கிறார்கள், 30,000-க்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் கிராடோவில் சுருள் 45 மில்லிஹென்றிதான். ஒயர் எப்படி இருந்தாலும் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆனால் அதில் நம் விலைக்குக் கிடைப்பது நீள்வட்ட முனை. ஒன்றில் முனை கூர்மை, சுருள் பெரிது. மற்றதில் சுருள் சிறிது, முனை மொழுக்கை. இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டுமானால் இரண்டு மாதச் சம்பளம் வேண்டும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மூன்று வாரம் ஒயரை நினைக்கவே இல்லை, அதுதான் ஆற்றாமை. ஊசியைத் துடைத்தேன். இன்வர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் தட்டுகளைக் கழுவினேன். தெற்காவணி மூல வீதியில் நகை வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் சின்ன டிஜிட்டல் தராசை வாங்கி வந்து ஊசி தட்டை அழுத்தும் எடையைப் பார்த்தேன், சரியாக 2 கிராம். தட்டை விற்றவரைச் சந்தேகப்பட்டேன். ஆடிக்காற்றுத் தூசியைக் கூடத் திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டர்ன்டேபிளைத் தூக்கித் துடைக்கும்போது பின்னால் தொங்கிய ஒயர் கையில் பட்டது. விரல் தடிமன். மைக் செட்டுக்குப் போடுகிற கெட்டி ஷீல்டு ஒயர். மல்ட்டிமீட்டரில் கெபாசிட்டன்ஸ் வைத்துப் பார்த்தேன். 260 பைக்கோஃபாரட். பழைய ஒயரை முன்னொரு நாள் அளந்து குறித்து வைத்திருந்தேன், அது 90-க்குள். என் டீமாடுலேட்டரின் உள்ளீட்டு மின்தடை 100 கிலோஓம். அதை வைத்துக் கணக்குப் போட்டால், முன்பு 30,000 ஹெர்ட்ஸ் அலையில் முக்கால் பங்குக்கு மேல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இந்த ஒயரில் கால் பங்குதான் போகிறது. விளக்கு எரியாமல் மினுக்கியதில் ஆச்சரியமே இல்லை.

பழுது பார்த்தவரிடம் சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அறுபத்தைந்து வயதுக்காரர். “தம்பி, பழசு நூல் மாதிரி இருந்துச்சு, இத்துப் போயிருச்சு. உங்களுக்குன்னு கெட்டியா நல்ல ஒயரா போட்டேன், அதுக்கு எக்ஸ்ட்ரா கூட வாங்கலையே” என்றார். உண்மைதான், வாங்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் செட் கட்டிய கை அது. அங்கே ஒயர் கெட்டியாக இருந்தால்தான் ஆள் மிதித்தாலும் வண்டி ஏறினாலும் தாங்கும். அவரிடம் என்ன சண்டை போடுவது? ஆனாலும் கேட்காமல் மாற்றியது தப்பு என்று நான் சொல்லத்தான் செய்தேன், அவரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். மெல்லிய, கெபாசிட்டன்ஸ் குறைந்த ஒயரை வரவழைத்து, நீளத்தை அரை மீட்டருக்குக் குறைத்து, அவர் கையாலேயே பற்றவைத்துக் கொடுத்தார். இப்போது மீட்டர் 60 காட்டுகிறது. முதல் பாட்டிலிருந்து விளக்கு அசையாமல் எரிகிறது. கடைசிப் பாட்டின் மணல் கூட முன்னைவிடக் குறைந்திருக்கிறது. போகவில்லை, குறைந்திருக்கிறது. ஒன்றிரண்டு தட்டுகளில் அது போகவும் போகாது. முன்பு யாரோ உருண்டை ஊசியில் ஓட்டி அந்த மெல்லிய நெளிவைத் தேய்த்துவிட்டார்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

இந்த ஊசியில் நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷத்தைச் சொல்லாமல் விட முடியாது. குவாடுக்காக வாங்கியது எங்கள் வீட்டுப் பழைய தமிழ்ப் பாட்டுத் தட்டுகளை மீட்டுக் கொடுத்தது. அம்மா கல்யாணமான புதிதில் வாங்கிய தட்டுகள், ஆயிரம் முறை ஓடித் தேய்ந்தவை. இவற்றில் பாட்டை விட இரைச்சல்தான் பெரிது என்று எடுத்து வைத்திருந்தோம். இந்த முனை, பழைய ஊசிகள் தொடாத இடத்தில் சுவரைப் பிடிக்கிறது போலிருக்கிறது. இரைச்சல் பாதியாக அடங்கி, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஒலிப்பது கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “இது நம்ம தட்டா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் முடியும்வரை நின்றார். குவாட் ஒன்றுமே வராமல் போயிருந்தாலும் கொடுத்த காசு இதற்கே தகும். கத்திரி வெயில் மதியங்களில் மட்டும் நான் எதையும் போடுவதில்லை. ஊசியின் ரப்பர் இளகி ‘ஸ’ சத்தம் தடிக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கேட்பேன்.

சரி, தம்பிக்குப் பதில். இவ்வளவு புகழ்ந்துவிட்டு, எம்.எல். இப்போது வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பதினொன்றில் எட்டு எஸ்.க்யூ. மூன்றுதான் குவாட்ராடிஸ்க். எட்டுக்கும் இதே வரிசையில் நீள்வட்ட முனை உள்ள வி.எம்.95 இ. போதும், எம்.எல்.-இன் பாதி விலை கூட வராது. உடம்பு ஒன்றுதான் என்பதால் பின்னால் வசதிப்பட்டால் எம்.எல். ஊசியை மட்டும் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். திருகாணி கூடக் கழற்ற வேண்டாம். அதற்கு முன் ஒயரை அளந்து பாருங்கள். நூறைத் தாண்டினால் ஊசிக்குக் காசு போடாதீர்கள், முதலில் ஒயருக்குப் போடுங்கள். டீமாடுலேட்டரும் உங்களிடம் இல்லை, அதுவும் ஒரு காரணம்.

தட்டுகளை வித்துருங்க என்று அன்றைக்குச் சொன்னதை மறந்துவிடுங்கள். அந்த மூன்று குவாட்ராடிஸ்க்கையும் இப்போது இருக்கிற உருண்டை ஊசியில் ஒரு தடவை கூடப் போட்டுப் பார்க்காதீர்கள். உறையோடு நிமிர்த்தி வைத்து, வர்ற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாங்க. ராத்திரி இங்கேயே தங்கிக்கலாம். பின் ஸ்பீக்கர் இரண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, உங்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.