சின்ன காரில் க்ரூகரா, கூரைக் கூடாரத்தோடு எட்டோஷாவா?

கைடு இல்லாமல், சொந்தமாக வண்டி ஓட்டி, குறைந்த செலவில் சஃபாரி போக நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்: தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைச் சின்ன கார், பூங்காக் குடிலில் படுக்கை, இல்லையென்றால் நமீபியாவில் கூரைமேல் கூடாரம் வைத்த டபுள் கேப் 4x4 (இரண்டு வரிசை இருக்கையுள்ள, நான்கு சக்கரமும் இயங்கும் பிக்அப்), எட்டோஷா தேசியப் பூங்காவில் கேம்பிங். முதல் பயணம், ஏழெட்டு நாள் என்றால் என் ஓட்டு க்ரூகருக்கு.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டு நாட்டிலும் நம்மூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. ராண்ட் நமீபியாவில் செல்லும், நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. நுழைவுக் கட்டணம் க்ரூகரில்தான் அதிகம். 2024 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டவருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 535 ராண்ட் வாங்கினார்கள், ஒவ்வொரு நவம்பரிலும் ஏற்றுவார்கள். நாள் கூடினால் வைல்ட் கார்டு (பூங்காக்களுக்கான ஓராண்டு நுழைவு அட்டை) லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பட்ஜெட்டைத் தீர்மானிப்பது வண்டி. 4x4-இன் தினவாடகை சின்ன காரைப்போல் பல மடங்கு. "கூடாரம் இருக்கிறதே, ரூம் செலவு மிச்சம்" என்று தோன்றும். ஆனால் கேம்ப்சைட்டுக்குத் தனியாகக் கட்டணம் உண்டு. டீசலும் 100 கிலோமீட்டருக்கு 11, 12 லிட்டர் குடிக்கும். சின்ன காருக்கு 6, 7 போதும்.

அதைவிடக் கடிப்பது இன்சூரன்ஸ். நமீபியச் சரளைச் சாலைகளில் கூரான கல் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும், எதிரே வரும் வண்டி தெறிக்கவிடும் கல் கண்ணாடியை உடைக்கும். அடிப்படைக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. வேகமாகப் போய்ச் சறுக்கி, ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பினால் வண்டி உருண்டுவிடும். இன்னொரு வண்டி சம்பந்தப்படாத இந்த மாதிரி விபத்துக்கு முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டும் ஒப்பந்தங்கள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள், சரளையில் டயர் காற்றழுத்தத்தை 2 பார் அளவுக்குக் குறையுங்கள், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். எந்த நாடானாலும் எக்ஸஸ் தொகையை (சேதமானால் நாம் கட்ட வேண்டிய பங்கை) கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பார்கள், லிமிட் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

க்ரூகரில் இந்தத் தலைவலி குறைவு. முக்கியச் சாலைகள் தார். அதில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்ணில் 40தான் வேக வரம்பு. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சுங்கம் கட்டி ஐந்து மணி நேரத்தில் தெற்கு வாசல். க்ரோகடைல் பிரிட்ஜ், லோயர் சாபி, ஸ்குகூசா, சதாரா என்று முகாம் முகாமாக வடக்கே போனால் விலங்கு அடர்ந்த பகுதி முழுக்கத் தார்தான். பொதுக் குளியலறை உள்ள குடில்கள் பிரெட்டோரியஸ்கோப், லெட்டாபா போன்ற முகாம்களில் கிடைக்கும். முன்பதிவு 11 மாதம் முன்பே திறக்கும். அதிகாலை முகாம் கேட் திறந்ததும் காரை எடுத்தால் போதும். கூடாரக்காரர் அந்தப் பொன்னான நேரத்தில் கால் மணியாவது மடித்துக்கொண்டிருப்பார்.

காரின் குறை, உயரம் போதாதது. கோடை மழையில் புல் வளர்ந்துவிட்டால் ஜன்னலிலிருந்து சிங்கத்தின் காதுகூடத் தெரியாது. மே முதல் செப்டம்பர் வரை போங்கள்.

எட்டோஷாவுக்கு ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒகாகுவேயோ முகாமின் விளக்கிட்ட நீர்நிலையில், தனிக் கட்டணம் இல்லாமல், இரவில் கருப்புக் காண்டாமிருகத்துக்குக் காத்திருக்கலாம். க்ரூகரில் இரவுச் சவாரிக்குத் தனியாகக் காசு. நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து எட்டோஷாவின் ஆண்டர்சன் வாசல்வரை தார்ச்சாலைதான். எட்டோஷா மட்டும் போதுமென்றால் வறண்ட மாதங்களில் சாதாரண காரே போதும், உள்ளே சரளையில் மெதுவாக ஓட்டினால் சரி. மூன்று வாரம், நான்கு பேர், நமீபியா முழுக்கச் சுற்றுகிறோம் என்றால் 4x4 வாடகை தலைக்கு நான்கில் ஒன்றாகும். அப்போது என் கணக்கு மாறக்கூடும்.