'ரெனிகேட்ஸ் ஆஃப் ஃபங்க்': 1983-ஆ, 2000-ஆ?

அமெரிக்க ராக் குழுவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் ரசிகர்களில் பலர் 'ரெனிகேட்ஸ் ஆஃப் ஃபங்க்' அவர்களுடைய சொந்தப் பாட்டு என்றே நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது ஹிப்-ஹாப் முன்னோடி ஆஃப்ரிகா பம்பாட்டாவும் அவருடைய சோல்சோனிக் ஃபோர்ஸ் குழுவும் 1983-இல் நியூயார்க்கின் டாமி பாய் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது; ரேஜ் குழு அதை 2000-இல் மறுபடி பாடியது. மூலத்தைத் தயாரித்தவர்கள் ஆர்தர் பேக்கரும் ஜான் ரோபியும். அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே கூட்டணி 'பிளானட் ராக்' பாட்டின் மூலம், மின்னணுக் கருவிகளால் ஆன எலெக்ட்ரோ பாணிக்கு வழி திறந்திருந்தது.

வரிகளில் இரு பதிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல், அமெரிக்கப் புரட்சிக்காலத்து எழுத்தாளர் டாம் பெய்ன், மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் என்று கலகக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் தங்களையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளும் பாட்டு இது. அந்தத் துணிச்சலை எப்படி ஒலிக்கச் செய்வது என்பதில்தான் இரு பதிவுகளும் பிரிகின்றன.

மூலப் பதிவில் டிரம் மெஷினும் சிந்தசைசரும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பல குரல்கள் மாறி மாறி வந்து கும்மாளமடிக்கின்றன. மால்கம் எக்ஸின் பெயர்கூட நடனத்தின் நடுவில்தான் வந்து விழுகிறது. இதை விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பம்பாட்டா நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிளாக் ஸ்பேட்ஸ் கும்பலில் இருந்தவர். தெருச் சண்டையில் இருந்த இளைஞர்களை இசைக்கும் ஆட்டத்துக்கும் இழுக்கத்தான் ஜூலு நேஷன் அமைப்பைத் தொடங்கினார். அந்தச் சூழலில் ஆடுவதே கலகம்.

ரேஜ் குழுவின் பதிவு இடம்பெற்ற, 2000 டிசம்பரில் வந்த 'ரெனிகேட்ஸ்' ஆல்பம் முழுவதும் பிறர் பாடல்கள்தான். அது கடைக்கு வருவதற்குள் பாடகர் ஸாக் டி லா ரோச்சா குழுவை விட்டு விலகிவிட்டார். 1992-இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையிலேயே சாம்பிள் (பிற பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்த ஒலி), கீபோர்டு, சிந்தசைசர் எதையும் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்ட குழு அது. அப்படிப்பட்டவர்கள் முழுக்க இயந்திரத்தால் ஆன பாட்டைக் கையில் எடுத்தது வேடிக்கைதான். ஆனால் சமாளித்துவிட்டார்கள். டிம் காமர்ஃபோர்டின் பேஸ் கிட்டார் சிந்தசைசரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இசைத்தட்டை உரசி ஒலி எழுப்பும் டிஜேயின் கைவேலையை டாம் மொரெல்லோ கிட்டார் கம்பிகளிலேயே செய்கிறார். தயாரிப்பில் இருந்த ரிக் ரூபினும் எண்பதுகளின் நியூயார்க் ஹிப்-ஹாப்பில் வளர்ந்தவர் என்பதால், ராக் இரைச்சலுக்குள்ளும் தாளம் தொலைந்துபோகவில்லை.

டி லா ரோச்சாவின் குரல்தான் எனக்குச் சிக்கல். ஒவ்வொரு பெயரையும் அவர் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் உச்சரிக்கிறார். வரலாற்றுக்குக் கனம் கூடுகிறது. சிரிப்பு காணாமல் போகிறது. போராட்டக் காட்சிகளைத் தொகுத்த வீடியோவும் அதே பாதையில்தான் செல்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவின் கிளியர் சேனல் வானொலி நிறுவனத்தில் சுற்றுக்கு விட்ட 'தவிர்க்க வேண்டிய' பாடல்களின் பட்டியலில் இந்தக் குழுவின் எல்லாப் பாடல்களும் இடம்பெற்றன. இந்த முரட்டுத்தனத்தின் வீச்சுக்கு அதுவே சாட்சி.

ஒலித்தரத்தில் 2000-ஆம் ஆண்டுப் பதிவை மூலம் நெருங்கவே முடியாது. வரிகளை முதன்முதலில் கவனித்துக் கேட்க விரும்புகிறவருக்கு அதையே பரிந்துரைப்பேன். இருந்தாலும் என் ஓட்டு 1983-க்குத்தான். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் மூலத்தில் குரல்கள் ஒதுங்கி நின்று தாளத்துக்கு வழிவிடும் பகுதிகள் உண்டு. ராக் குழு அவற்றைச் சுருக்கிவிட்டது. நடனக்காரர்கள் காத்திருந்ததோ அந்தப் பகுதிகளுக்காகத்தான்.