வசந்தத்தைக் குறித்து வைக்க ஈபேர்ட்: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வலசைப் பறவைகளைப் பார்த்து வசந்தம் வந்ததைத் தெரிந்துகொள்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டு அனுப்புகிற ஈபேர்ட் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, நெட்வொர்க் இல்லாத இடத்திலும் பட்டியல் போடலாம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சொசைட்டியும் சேர்ந்து 2002-ல் தொடங்கியது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம், பட்டியலை அனுப்பும் முன் அது கேட்கிற ஒரே ஒரு கேள்வி.

அதற்கு முன்னால் என் நோட்டுப்புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடம் அதில்தான் எழுதினேன். நான் இருப்பது பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கிற பக்கம். வடக்கே இருப்பவர்களுக்கு வசந்தம் என்றால் தகைவிலான் குருவி வந்து சேர்வது, எங்களுக்கு அது கிளம்பிப் போவது. வருகையை எழுதுவது சுலபம், பார்த்த அன்றைக்கே தேதி போட்டுவிடலாம். போனதை அப்படி எழுத முடியாது, ஏனென்றால் கடைசிப் பறவையைப் பார்க்கும் நாளில் அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. என் நோட்டில் ஒரு வருடம் மார்ச் கடைசியில் தகைவிலான் என்று எழுதியிருக்கிறது, அப்புறம் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. பறவை போய்விட்டதா, நான் குளத்துப் பக்கம் போகவில்லையா? இன்று வரை எனக்குப் பதில் தெரியாது.

ஈபேர்ட் கேட்கிற கேள்வி இதுதான்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? ஆமாம் என்றால் அது முழுப் பட்டியல். எத்தனை நிமிடம் நின்றோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதும் அதோடு பதிவாகிவிடும். அப்படியானால் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல் ஆகிறது. அதே குளம், அதே அரை மணி நேரம், ஒரு வாரம் நாற்பது தகைவிலான், அடுத்த வாரம் பத்து, அப்புறம் இரண்டு, அதற்கடுத்து மூன்று பட்டியலில் எதுவுமே இல்லை என்றால் போய்விட்டன என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லாமையைப் பதிவு செய்ய முடியும் என்பது எனக்கு இந்தச் செயலியைப் பயன்படுத்திய பிறகுதான் உறைத்தது.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களிலிருந்து வருகிற பட்டை வரைபடத்தை இணையதளத்தில் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்து, வருடத்துக்கு 48 கட்டம், முழுப் பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் அந்தப் பறவை இருந்தது என்பதைப் பட்டை காட்டுகிறது. நான் செய்வது என்னவென்றால், தெற்கே ஓர் இடத்தையும் வடக்கே ஓர் இடத்தையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொள்வேன். இங்கே பட்டை மெலிய மெலிய அங்கே தடிக்கிறது. வசந்தகாலப் பயணம் பொதுவாக இலையுதிர்காலப் பயணத்தை விட வேகமானது, கூடு கட்ட நல்ல இடத்தைப் பிடிக்க வேண்டும் என்கிற அவசரம், பல இனங்களில் ஆண் பறவைகள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பட்டியல்கள் குறைவாக உள்ள ஊர்களில் இந்தப் பட்டையை நம்ப வேண்டாம், ஒன்றிரண்டு பட்டியலே பட்டையை உச்சிக்குக் கொண்டுபோய்விடும்.

பருவம் தாண்டி ஒரு பறவையைப் பதிந்தால் செயலி அதைக் குறியிட்டு விவரம் கேட்கும், பிறகு தன்னார்வலர் ஒருவர் சரிபார்ப்பார். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். நான் வரவேற்கிறேன், தாமதமாகத் தங்கிய பறவைதான் நமக்கு வேண்டிய செய்தி, அது சரியாக இருக்க வேண்டாமா? ஒவ்வொரு இனத்துக்கும் கீழே குறிப்பு எழுத இடம் உண்டு, அதை வீணாக்காதீர்கள். குளிர்காலம் முழுக்க மங்கலாகத் திரிந்த மஞ்சள் வாலாட்டி கிளம்பும் முன் இறகு மாற்றிப் பளிச்சென்று மஞ்சளாகும், தகைவிலானின் முதுகு புது இறகில் நீலமாக மின்னும். எந்த வாரத்தில் நிறம் ஏறியது என்று நான் எழுதி வைப்பது அங்கேதான்.

குரலை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் இதே கார்னெல் ஆய்வகத்துடையது, அதுவும் இலவசம். கிளம்பும் நாட்களில் சில கதிர்க்குருவிகள் இங்கேயே பாட ஆரம்பித்துவிடும், இலைக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க மெர்லின் நன்றாக உதவும். ஆனால் அது சொன்னது மட்டும் போதாது, நீங்களும் பார்த்தோ கேட்டோ உறுதி செய்த பிறகு பட்டியலில் சேருங்கள்.

பழைய தேதியிட்ட பட்டியல்களையும் ஏற்றலாம். என் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஆனால் அந்தக் கேள்விக்கு எல்லாவற்றிலும் 'இல்லை' என்றுதான் பதில் சொல்ல முடிந்தது. ஒழுங்காகக் குறித்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1736-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கி, அவருடைய குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது, தகைவிலானின் வருகையும் அதில் ஒன்று. பல தலைமுறைகளாக அதே அறிகுறிகளைப் பார்த்து வந்ததால்தான் அந்தக் குறிப்புகளுக்கு இவ்வளவு மதிப்பு. அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பத்து இடத்துக்கு ஓட வேண்டாம், பக்கத்தில் ஓர் இடம், பதினைந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

இந்த வாரம் என் குளத்தில் வாலாட்டிகள் இன்னும் இருக்கின்றன, நெஞ்சு முழுக்க மஞ்சள். அவை இல்லாத முதல் பட்டியல் வந்த பிறகும் இன்னும் இரண்டு வாரம் போவதாக இருக்கிறேன்.