மரியாதையாக மறுக்கக் கற்றுத்தந்த வகுப்பு

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் நாள்தோறும் மின்னஞ்சலில் பேச வேண்டிய வேலை எனக்கு. பிழையின்றி எழுத வந்தாலும், மரியாதை குறையாமல் மறுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் கை தயங்கியதால், ஆறு சனிக்கிழமைகள் இணையவழியில் நடந்த ஆங்கில மரபுத்தொடர் வகுப்பொன்றில் 1,800 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

இரண்டாம் வகுப்புக்கே அந்தப் பணம் தகும். 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்பதை 'உரிய மரியாதையுடன்' என்று சொல்லுக்குச் சொல் புரிந்துகொண்டு, மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சல்களிலெல்லாம் தாராளமாகத் தூவி வந்தவன் நான். பிரிட்டன்காரர்களின் காதில் அது பெரும்பாலும் 'நீங்கள் சொல்வது தவறு' என்பதற்கு முன்னறிவிப்பாகவே விழும் என்று ஆசிரியர் விளக்கியபோது கூசிப்போனேன். ('தப்பா நினைக்காதீங்க' என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியாதா என்ன!) 'ஐ பெக் டு டிஃபர்' இதற்கு நேர்மாறு: கெஞ்சுவது போல ஒலித்தாலும், மாற்றுக் கருத்தை நாகரிகமாக, ஆனால் பின்வாங்காமல் முன்வைக்கும் தொடர் அது.

'புட் யுவர் ஃபுட் டவுன்' என்றால் இனி விட்டுக்கொடுப்பதில்லை என்று உறுதியாக நிற்பது; 'புட் யுவர் ஃபுட் இன் இட்' என்றால் வாய்தவறிப் பேசிச் சங்கடத்தில் மாட்டிக்கொள்வது. எதிரி நெருங்கியும் பீரங்கியை விட்டு ஓடாத வீரர்களிடமிருந்து வந்த 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' (கொண்ட கருத்தில் உறுதியாக நிற்பது), மானின் உள்ளுறுப்புகளைக் குறித்த 'அம்பிள்ஸ்' என்ற பழஞ்சொல் பணிவைக் குறிக்கும் 'ஹம்பிள்' என்பதோடு சிலேடையாகக் கலந்து பிறந்த 'ஈட் ஹம்பிள் பை' (தவறை ஒப்புக்கொண்டு பணிவது) ஆகியவற்றின் கதைகளையும் சுவையாகவே சொன்னார்.

ஆனால் நன்னடத்தையைக் குறிக்கும் 'மைண்ட் யுவர் பீஸ் அண்ட் க்யூஸ்' (சொல்லுக்குச் சொல், 'பி', 'க்யூ' எழுத்துகளில் கவனம் வை), மதுக்கடைக் கணக்கின் பைண்ட், குவார்ட் அளவுகளிலிருந்து வந்தது என்று அடித்துச் சொன்னதை ஏற்பதற்கில்லை. அச்சுக்கோப்பவர்கள் அந்த இரு எழுத்துகளைக் குழப்பிக்கொண்ட கதை உட்பட வேறு விளக்கங்களும் உண்டு, எதற்கும் உறுதியான சான்றில்லை. இதைவிடப் பெரிய குறை, பயிற்சி முழுவதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு நின்றது. மேலாளரிடம் சொல்லக்கூடியது எது, சக ஊழியரிடம் மட்டும் சொல்லத்தக்கது எது என்பதைப் பேசிப் பார்த்தால்தான் பழகும்.

அடுத்த கட்ட வகுப்புக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். உரையாடல் பயிற்சி உண்டா என்று, இந்த முறை 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' சேர்க்காமல், கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகே பணம் கட்டுவேன்.