சென்னைக்கு வேலையாக வருகிறவர்கள் முதலில் போன் நம்பரைக் கவனியுங்கள்

வெளிநாட்டிலிருந்து அலுவலக வேலையாகச் சென்னை வரும் நம்மவர்கள் டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் பக்காவாகப் போட்டுவிட்டு போன் நம்பரில் கோட்டை விடுகிறார்கள். ஆப் டாக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமிங் எண்ணுக்கு ஓட்டுநர் கூப்பிட மாட்டார். "எங்க சார் நிக்கறீங்க?" என்று கேட்க வழியில்லாமல் ட்ரிப்பை கேன்சல் செய்துவிடுவார். டேட்டா மட்டும் தரும் இ-சிம்மில் இந்திய எண் வராது, அதனால் இந்தச் சிக்கல் தீராது. புது சிம்முக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். வாங்கிய உடனே உயிர் வராமலும் போகலாம்.

மாமா பெயரில் சும்மா கிடக்கும் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பேச உதவும், யுபிஐக்கு உதவாது. வங்கிக் கணக்கில் எந்த எண் இருக்கிறதோ, அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போனால்தான் ஆப் திறக்கும். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டு எண்களிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா வங்கியும் தருவதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்தால் கிளம்பும் முன்பே அமைத்துவிடுங்கள். புதிதாகத் தொடங்கியவருக்கு முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்தான் வரம்பு. டீக்கடைக்குப் போதும், ஓட்டல் பில்லுக்குப் போதாது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் விசா கவலை இல்லை, அட்டையை மறக்காமல் இருந்தால் சரி. அது இல்லாத வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்கள் இ-பிசினஸ் விசாவுக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்.

பகலில் இறங்கினால் மெட்ரோவே மேல். விமான நிலையத்திலிருந்து கிண்டி நான்காவது ஸ்டேஷன். நள்ளிரவு விமானத்துக்கு மெட்ரோ கிடையாது. ஆப் டாக்சிக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு பன்னடுக்கு பார்க்கிங் வரை நடக்க வேண்டும். வயதானவர் கூட வந்தால் ப்ரீபெய்டு கவுன்டரே நிம்மதி.

சந்திப்புகளைத் திசை பார்த்துப் பிரியுங்கள். காலையில் அம்பத்தூர், மதியம் சிறுசேரி என்று போட்டால் இரண்டும் கெடும். சிறுசேரிக்குப் போகும் ஓஎம்ஆர் சாலையில் மெட்ரோ வேலை வேறு நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் என்றால் அன்றைக்கு வேறெதுவும் வைக்காதீர்கள். கையெழுத்துப் போடும் நேரத்தை எதிர்த்தரப்பிடம் விட்டுவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கூப்பிட்டால் பேச்செல்லாம் நடக்கும், பேனா மட்டும் பன்னிரண்டுக்குப் பிறகுதான் வெளியே வரும். ராகு காலம்! இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. பொங்கல் வாரத்தில் ஆளே கிடைக்க மாட்டார்கள்.

நவம்பர், டிசம்பரில் வந்தால் திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடினார்கள்.