கியோவாவா கொமான்சியா?

சிங்கப்பூர் யீஷூன்ல எங்க ப்ளாக் மேல அப்பாச்சி போர் ஹெலிகாப்டர் போறப்பல்லாம் மேல சுத்துற விசிறிக்கு (ரோட்டர்) மேல உருண்டையா ஒரு ரேடார் தெரியும், அதப் பாத்தா எனக்கு உடனே கியோவா வாரியர் ஞாபகம்தான் வரும். பெல் 206ன்ற சாதாரண ஹெலிகாப்டர வச்சு அமெரிக்காக்காரன் பண்ணுன வேவு ஹெலிகாப்டர் அது. அதுலயும் ரோட்டருக்கு மேல ஒரு உருண்டை, ஆனா அது ரேடார் இல்ல, உள்ள கேமரா, ராத்திரில பாக்குற தெர்மல், லேசர் எல்லாம் இருக்கும். மரத்துக்குப் பின்னாடி உடம்ப மறைச்சுக்கிட்டு உருண்டைய மட்டும் நீட்டி எட்டிப் பாக்கும், நம்ம பக்கத்து வீட்டு ஆண்ட்டி கதவிடுக்குல பாக்குற மாதிரி!

கொமான்சியும் அமெரிக்காக்காரன் பண்ணுன வேவு ஹெலிகாப்டர்தான், ஆனா அப்படியில்ல, ஸ்டெல்த், அதாவது ரேடார்ல லேசுல சிக்காது. ஏவுகணையக்கூட வயித்துக்குள்ள கதவு போட்டு ஒளிச்சு வச்சாங்க, வால் விசிறியையும் உள்ளயே அடைச்சிட்டாங்க. 1996ல பறந்துச்சு, பாக்க செம அழகு. ஆனா 80கள்ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், கிட்டத்தட்ட 690 கோடி டாலர் காலி, 2004ல நிப்பாட்டிட்டாங்க, பறந்தது மொத்தமே ரெண்டுதான்லா.

கியோவா பாவம் பழைய வண்டி, ஹெல்ஃபயர் ஏவுகணை, ராக்கெட், .50 மெஷின் கன்னுன்னு பக்கத்துக்கு ஏதாவது ஒண்ணுதான் தூக்கும், வெயில் ஊர்ல எடை கூடுனா திணறும். இருந்தாலும் ஈராக், ஆப்கானிஸ்தான்னு எல்லாத்துலயும் ஓடி அமெரிக்க ராணுவத்துல 2017 வரைக்கும் வேல பாத்துச்சு. என் ஓட்டு கியோவாவுக்குத்தான். கொமான்சி போஸ்டர் வேணா ரூம்ல ஒட்டிக்கலாம்.