சம்பளத்தில் பிடித்தம் வந்துவிட்டதா? வருமான வரி போர்ட்டலின் டிமாண்ட் பதில் சேவை எதுவரை கைகொடுக்கும்

பழைய வரி பாக்கிக்காக (அதைக் கட்டச் சொல்லி துறை எழுப்பும் கோரிக்கைதான் டிமாண்ட்), 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 226(2) பிரிவில் வேலை கொடுப்பவருக்கே நேரடியாகக் கடிதம் போகும். வந்த கடிதத்தை அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கணக்கரோ பள்ளி அலுவலகமோ ஒதுக்கிவைக்க முடியாது, பிடித்தே ஆக வேண்டும். அதனால் அவர்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டதால், புதிதாக வரும் தாள்களில் பிரிவு எண் வேறாக இருக்கலாம்.

முதலில் கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வரும் தாள்களில் டி.ஐ.என். என்ற ஆவண எண் இருக்கும். லாகின் செய்யாமலேயே போர்ட்டலின் முகப்பில் அதைச் சரிபார்க்கலாம், கணக்கரும் செய்யலாம். இந்த வசதிக்கு முழு மதிப்பெண்.

அடுத்தது பிடிக்கும் தொகை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காப்பாற்றும் பங்கில் வரித்துறையும் கை வைக்க முடியாது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாய், மீதியில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டும் உங்களுடையவை. 31,000 ரூபாய் சம்பளம் என்றால் 1,000-மும் 20,000-மும் போக, பிடிக்கக்கூடியது 10,000 மட்டுமே. பாதிச் சம்பளம் போயிருந்தால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கணக்கரிடம் கொடுங்கள். ரப்பர் பால் வெட்டுவோர் போன்ற உடலுழைப்புத் தொழிலாளர்களின் கூலிக்கு அதே பிரிவில் முழு விலக்கு உண்டு.

இனி பதில் சேவை. லாகின் செய்து 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பட்டியலில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' போனால், எந்த ஆண்டுக்கு எவ்வளவு பாக்கி என்று வரிசையாகத் தெரியும். ஆபத்தும் இங்கேதான். 'டிமாண்ட் சரி' என்று ஒருமுறை அனுப்பிவிட்டால், பிறகு அதை மறுக்க வழி கிடையாது. அவசரத்தில் அதை அழுத்திவிட வேண்டாம். 'ஏற்கவில்லை' என்பதற்குள் காரணங்கள் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: பணம் கட்டியாயிற்று, திருத்தம் கேட்டிருக்கிறேன், அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்று. கட்டியதாகச் சொன்னால் சலானில் (வரி கட்டிய ரசீதில்) உள்ள ஏழு இலக்க பி.எஸ்.ஆர். கோடு என்ற வங்கிக் கிளை எண், தேதி, ஐந்து இலக்க வரிசை எண் மூன்றும் வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் கட்டிய பணம் டிமாண்டோடு பொருந்தாது.

சம்பளக்காரர்களுக்கு டிமாண்ட் வர முக்கியக் காரணம், நிறுவனம் சம்பளத்திலேயே டி.டி.எஸ். என்ற வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விடுவது, அல்லது பான் எண்ணைத் தப்பாகப் போடுவது. உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் அந்தத் தொகை வராது, வரி பாக்கி என்று டிமாண்ட் விழும். அப்படிப் பிடிக்கப்பட்ட வரியை மறுபடி உங்களிடம் கேட்க 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சம்பளச் சீட்டுகளும், பிடித்தம் போக நிகரத் தொகை வரவான பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான் சான்று. நிறுவனம் தரும் டி.டி.எஸ். சான்றிதழான ஃபார்ம் 16 இருந்தால் அதையும் சேருங்கள்.

பாக்கி உண்மை என்றால் அந்தப் பக்கத்திலிருந்தே கட்டுவது நல்லது. தனியாகச் சலான் போடுபவர்கள் 400 (துறை கேட்ட பாக்கி) என்ற தலைப்புக்குப் பதில் 300-ஐ (சுய மதிப்பீட்டு வரி) தேர்ந்துவிடுகிறார்கள். பணம் போய்விடும், டிமாண்ட் அப்படியே நிற்கும். டிமாண்ட் நோட்டீஸ் கிடைத்த முப்பது நாள் தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. 60,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 600. தவணை வேண்டுமென்றால் அந்த முப்பது நாளுக்குள் அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான்: பதில் அனுப்பியதும் டிரான்சாக்‌ஷன் எண் கிடைக்கும், ஆனால் சம்பளப் பிடித்தம் நிற்காது. கடிதம் அனுப்பிய அதிகாரியே அதைத் திரும்பப் பெற்றோ குறைத்தோ கணக்கருக்கு எழுத வேண்டும். பதிலின் நகல், சான்றுகள், 60-ஆம் பிரிவுக் கணக்கு மூன்றையும் வைத்து அவரிடம் மனு கொடுங்கள். உங்கள் கணக்கிலிருந்து பணம் கேட்டு வங்கிக்கும் 226(3)-இல் நோட்டீஸ் போயிருந்தால் அது தனித் தாள், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

குமரி மாவட்டக்காரர்களே, அந்த அதிகாரி நாகர்கோவிலில்தான் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டு மார்த்தாண்டத்துக்குத் திரும்பியவரின் பான் இன்னும் அந்த ஊர் அதிகாரியின் கீழேயே கிடக்கலாம். போர்ட்டலில் உங்கள் வரி அதிகாரி யார் என்று காட்டும் 'நோ யுவர் ஏ.ஓ.' பார்த்த பிறகு குழித்துறையில் ரயில் ஏறுங்கள்.

பிடித்தம் நடந்த ஒவ்வொரு மாதமும் கணக்கரிடம் சலான் நகல் வாங்கி, அதே பக்கத்தில் பாக்கி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் அந்த நகலோடு மறுபடி 'ஏற்கவில்லை' பதில் போட வேண்டும்.